மிதந்து வந்த நிலம்

முன்னொரு காலத்தில் மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தான் யாய்மா. மல்லுக்கட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை. அரசர் முன் நடக்கும் மற்போரில் தன் மகனே ஜெயிக்க வேண்டும் என்று நினைத்த அமைச்சர் யாய்மாவை வழிமறித்தார்.

"சொந்த நிலம் இல்லாதவன் களத்தில் இறங்கக் கூடாது. போ, நாளைக்குள் நிலத்தோடு வா!"

"அப்படியே ஆகட்டும், ஐயா."

அந்த ஏரியில் புல்லும் வேரும் மண்ணும் பின்னிய திட்டுகள் மிதக்கும். மறுநாள் காலை அவற்றில் ஒன்றை, மேலிருந்த தன் குடிசையோடு, படகில் கட்டி அரண்மனைத் துறைக்கே இழுத்து வந்துவிட்டான் யாய்மா.

"நிலத்தோடு வந்திருக்கிறேன், ஐயா. எங்கே வைக்கட்டும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அரசரும் வயிறு குலுங்கச் சிரித்து, "இறங்கப்பா களத்தில்!" என்றார்.

பொழுது சாய்வதற்குள், மண் அப்பிய தன் மகனின் முதுகை அமைச்சர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.