எம்.எல்.ஏ. தணிகாசலம் வாங்கிய ரேங்க் கார்டு

புத்திசாலிகள் வாழும் ஊர்கள் நாட்டில் எத்தனையோ உண்டு. அவற்றைப் பற்றிப் பேசினால் நமக்குக் கொட்டாவிதான் வரும். நீர்க்கோழிப்பட்டு அப்படிப்பட்ட ஊர் அல்ல. அங்கே எல்லாரும் வாத்து மேய்ப்பவர்கள். தங்கமான மனசு, சளைக்காத உழைப்பு. ஒரு காரியத்தைச் சொன்னால் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். ஆபத்தே அதுதான்.

அந்த ஊரை நினைத்தாலே எம்.எல்.ஏ. தணிகாசலத்துக்குத் தூக்கம் வராது. போன தேர்தலில் அவரும் எதிராளி சிங்காரவேலுவும் கடைசிவரை இழுபறியில் நின்றார்கள். நீர்க்கோழிப்பட்டு ஓட்டை எண்ணிய பிறகுதான் தணிகாசலம் ஜெயித்தார். அந்த ஊர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நாற்காலி. நாற்காலி மேல் அவருக்கு உயிர்.

இப்படி இருக்கும்போது, வாக்காளர் விழிப்புணர்வுக்காக ஊர் ஊராகப் போகும் ஒரு அம்மா வாத்து வளர்ப்போர் சங்கத்துக்கு வந்து பேசினார். "உங்க எம்.எல்.ஏ. சட்டசபையில ஒவ்வொரு மசோதாவுக்கும் எந்தப் பக்கம் ஓட்டுப் போடறாருன்னு கவனிங்க. உங்களுக்குச் சாதகமாப் போட்டா மார்க் குடுங்க. இல்லேன்னா குடுக்காதீங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் போடற மாதிரிதான், வேற ஒண்ணும் இல்ல" என்றார். டீ குடித்தார். பஸ் ஏறிப் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்து விளக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

சங்கத் தலைவர் கோதண்டம் மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி, எழுதாத ரேங்க் கார்டு ஒன்று வாங்கி வந்தார். சங்கச் செயலாளர் மண்ணாங்கட்டி சட்டசபையைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பினார். பார்வையாளர் சீட்டு வாங்கிக் கொடுத்தவரே தணிகாசலம்தான். ஏதோ ஊர் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

கூட்டத்தொடர் முடிந்ததும் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. தணிகாசலம் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பாராட்டு விழா என்ற நினைப்பில் போனார். சங்கக் கொட்டகையில் அவருக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

மண்ணாங்கட்டி எழுந்து நின்றார். "சபாநாயகர் 'ஆம் என்போர்'னு கேட்டாரு. எல்லாரும் ஒரே சத்தமா 'ஆம்'னு சொன்னாங்க."

"அத்தினி பேர் சத்தத்துல நம்ம ஆளு சொன்னது உனக்கு எப்படிய்யா தெரிஞ்சிச்சு?" என்றார் கோதண்டம்.

"ஏரி நெறைய வாத்து கத்தும்போது கண்ணை மூடிக்கினு நம்ம வாத்து எதுன்னு சொல்றவன் நானு. இவரு தொண்டை எனக்குத் தெரியாதா?"

சங்கம் ஏற்றுக்கொண்டது. கோதண்டம் பேனாவைத் திறந்தார். "மொத மசோதா?"

"ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பேர் மாத்தறது. ஆம்னாரு."

"புதுப் பேர்ல வாத்து இருக்குதா?"

"இல்ல."

"பழைய பேர்ல?"

"அதுலயும் இல்ல."

"அப்ப வாத்துக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கும் ஒண்ணும் இல்ல." சைபர் போட்டார். முட்டை என்று சொல்லவில்லை. அந்த ஊரில் முட்டை என்றால் பாராட்டாகிவிடும்.

"ரெண்டாவது, ஹெல்மெட் போடாம வண்டியில போனா அபராதம். அதுக்கும் ஆம்னாரு."

பொருளாளர் அஞ்சலாட்சி மெதுவாகக் கேட்டார்: "நம்ம வாத்துங்க சந்தைக்கு வண்டியிலதான போவுது?"

"ஆமா."

"ஹெல்மெட் போட்டுக்கினா போவுது?"

எல்லாரும் திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது போன்ற பார்வை.

"அம்மா, அது வண்டி ஓட்டற மனுஷனுக்குத்தாம்மா!" என்று பதறினார் தணிகாசலம்.

"கேக்காம வகுப்புல பேசக் கூடாது" என்று சொல்லி, கோதண்டம் நடத்தை என்ற கட்டத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்றாவது மசோதாதான் நிஜமாகவே வாத்து சம்பந்தப்பட்டது. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் வேலி போட்டுக்கொள்ளலாம் என்ற சட்டம். வேலி போட்டால் வாத்து எங்கே இறங்கும்? அந்த ஊருக்குச் சோறு போடுவதே ஏரிதான்.

"அதுக்கு இவரு எந்தப் பக்கம்?"

"கேன்டீன் பக்கம். போண்டா துன்னுக்கினு இருந்தாரு. ஆப்சென்ட்."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். மற்ற இரண்டும் அநியாயம். இது நியாயம் என்று அவருக்கே பட்டது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அடுத்தது ரேங்க். இதில்தான் சங்கம் திணறிப்போனது.

"தொகுதிக்கு ஒரே எம்.எல்.ஏ. அப்ப மொத ரேங்க்" என்றார் மண்ணாங்கட்டி.

"எல்லாத்துலயும் சைபர் வாங்கினவருக்கு மொத ரேங்க்கா? கடைசி ரேங்க் போடு" என்றார் அஞ்சலாட்சி.

"கடைசின்னா அவருக்கு முன்னால யாராவது இருக்கணுமே?"

வெகுநேரம் யோசித்த கோதண்டம், 'முதல் ரேங்க், கடைசியிலிருந்து' என்று எழுதினார். எல்லாருக்கும் திருப்தி. கார்டில் எடை என்று ஒரு கட்டம் இருந்ததால், தணிகாசலத்தை நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். சாக்குக்கு ஒரு கிலோ கழித்துக்கொண்டார்கள். அவர் சாக்கில் இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்கு உங்கப்பா கையெழுத்து வாங்கிக்கினு வாங்க" என்று கார்டை நீட்டினார் கோதண்டம்.

"தலைவரே, எனக்குப் பேரன் இருக்கான்!"

"அவரு கையெழுத்து செல்லாதுங்க. அப்பா கையெழுத்துதான்."

ஓட்டு முக்கியமாயிற்றே. தணிகாசலம் வீட்டுக்குப் போய், அரிசி மில் வைத்து ஆண்ட தன் அப்பா வேதாசலம் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கார்டை அவர் பக்கத்தில் நைசாக வைத்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'ஆப்சென்ட், காரணம் போண்டா' என்பதுவரை படித்தார்.

"ஏண்டா, உன்ன என்ன குறை வெச்சு வளர்த்தேன்? காரு இல்லையா, டிரைவர் இல்லையா? அந்தச் சிங்காரவேலு பார், வாடகை சைக்கிள்ல போறான்."

"அவன் சட்டசபைக்கே வரலப்பா. தோத்துட்டான்."

"எதிர்த்துப் பேசாத. எழுதும்போது போண்டா கேக்குதா உனக்கு?"

கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குத் தணிகாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தொடரில் அவர் கேன்டீன் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். வாத்து ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்றுகூடப் படித்து வைத்திருந்தார். ஏரி வேலிச் சட்டத்தில் வாத்து இறங்க வழி விட வேண்டும் என்று எழுந்து நின்று பேசினார். சொந்தக் கட்சிக்காரர்களே சிரித்தார்கள். அசரவில்லை. அமைச்சர் வீட்டு வாசலில் நின்றார், காரை மறித்தார், கெஞ்சினார். கடைசியில் திருத்தம் வந்தது. ஓட்டுக்கு விட்டபோது அவர் சொன்ன 'ஆம்' பார்வையாளர் மாடத்தில் மண்ணாங்கட்டியின் காதை அடைத்தது.

இந்தத் தடவை கார்டில் நூற்றுக்கு நூறு. நடத்தை, மிக நன்று. முதல் ரேங்க், முன்னாலிருந்து. ஏரியில் வேலி விலகி வாத்துகள் இறங்கிய அன்றைக்கு ஊரே கரையில் நின்று கை தட்டியது. அஞ்சலாட்சி அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அப்பா வேதாசலம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார்.

தேர்தல் வந்தது. சிங்காரவேலு மறுபடி நின்றார். மற்ற ஊர்களில் தணிகாசலம் தொண்டை வறளப் பேசினார். நீர்க்கோழிப்பட்டில் மட்டும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே பேச என்ன இருக்கிறது? நூற்றுக்கு நூறு.

எண்ணும் அன்று இரண்டு பேரும் சமமாகவே வந்தார்கள். கடைசியில் நீர்க்கோழிப்பட்டு. தணிகாசலம் மாலையைக்கூட வரவழைத்துவிட்டார். அந்த ஊரில் அவருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அத்தனையும் சிங்காரவேலுவுக்கு.

காரை எடுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து ஊருக்குள் போனார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று போனவர், அப்படியே நின்றுவிட்டார். கொட்டகையில் தோரணம் கட்டியிருந்தது. மேளம் வாசித்தார்கள். கோதண்டம் மாலையோடு ஓடி வந்தார். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"தலைவரே! நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்லீங்க. அதனாலதான்" என்றார் கோதண்டம், மாலையைப் போட்டபடி. "பாஸ் பண்ண பிள்ளையப் போயி மறுபடியும் அதே கிளாசுல உக்கார வெச்சா எங்கள ஊரு காறித் துப்பாதா?"

"அப்ப சிங்காரவேலு?"

"அவருக்கு ஒரு எழவும் தெரியாதுங்க. அவருதான படிக்கணும்?"

"நீங்க பெயிலாகியிருந்தா கண்ணை மூடிக்கினு உங்களுக்கே போட்டிருப்போம்" என்று அஞ்சலாட்சி ஆறுதல் சொன்னார். "உங்க நல்ல நேரம், தப்பிச்சுட்டீங்க."

தணிகாசலம் மண்டைக்குள் ஏதேதோ சுழன்றது. அந்த முதல் கார்டு, அந்த மூன்று சைபர், அந்தப் போண்டா. வாயைத் திறந்தார். கண்ணீர்தான் வந்தது. பொலபொலவென்று கொட்டியது.

"பிரியறப்போ எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று கோதண்டம் முதுகைத் தட்டிக் கொடுத்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். டி.சி. "மேல் கிளாசு டெல்லியிலதாங்க இருக்குதாம். இத காட்டினா சேத்துக்குவாங்க. ஒரே ஒரு கட்டம் பாக்கி. அங்க அடையாளம்."

மண்ணாங்கட்டி அவரைச் சுற்றி வந்து பார்த்தார். மச்சம் இல்லை, தழும்பும் இல்லை. கடைசியில் முகத்தை உற்றுப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: 'அழுதுகொண்டிருப்பார்.'

காரில் ஏற்றிக் கதவைச் சாத்தும்போது கோதண்டம் கவலையோடு குனிந்தார். "டெல்லி போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்திடாதீங்க. அடையாளம் ஒத்துப் போவலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

அந்தக் கவலையே அவருக்கு வேண்டியதில்லை. தணிகாசலம் நிறுத்துவதாகவே இல்லை.