தனியாகத் திரும்பி வந்த ராக்கெட்

ஓடக்கரைவிளைக்கு ரோடு வந்துவிட்டது, குழாய் வந்துவிட்டது, செல்போன்கூட வீட்டுக்கு ரெண்டு வந்துவிட்டது. சிக்னல் மட்டும் வரவில்லை. பேச வேண்டுமென்றால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏற வேண்டும்.

இதில் பெரிய கஷ்டம் பத்திரக்கனிக்கு. புருஷன் வேலாண்டி மஸ்கட்டில் வெல்டர். இவளுக்கோ நிறைமாதம், ஏணி ஏற முடியாது. அவன் குரலைக் கேட்டுப் பல வாரமாகிவிட்டது. பிரசவத்துக்கு முன்னால் ஒருதடவையாவது பேசிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒரு ராக்கெட் கம்பெனி பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்தது. ராக்கெட் சாட்டிலைட்டை வானத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து நிற்குமாம், மறுபடி அதையே ஏவலாமாம். சாட்டிலைட் அங்கேயே இருந்து ஊருக்கு சிக்னல் கொடுக்குமாம். என்ஜினியர் ஜெயசீலன் இதைப் படம் போட்டு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓடக்கரைவிளையில் தலையாட்டுவதற்குப் புரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

"மத்ததை நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார் அவர். "ராக்கெட் இறங்குற இடத்துல வெள்ளையா பெரிய வட்டம் போடுங்க. கிட்ட யாரும் நிக்கக்கூடாது. இறங்கினதும் நாங்க வர்ற வரைக்கும் பத்திரமாப் பாத்துக்கோங்க."

பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் உடனே கூட்டம் போட்டார்.

"வட்டத்தைச் சுண்ணாம்புல போடலாம் அண்ணாச்சி" என்றார் மளிகைக்கடை லிங்கத்துரை.

"விருந்தாளியச் சுண்ணாம்புலயா வே இறக்குவாங்க? பச்சரிசி மாவுல போடுங்க" என்றார் தலைவர்.

போட்டார்கள். காக்கை வந்து வட்டத்தில் கால்வாசியைத் தின்றது. விரட்ட ஒரு ஆள் வேண்டும். ஆனால் கிட்ட யாரும் நிற்கக்கூடாதே! நெடுநேரம் விவாதித்து, லிங்கத்துரைக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே விரட்டினார். அவர் மட்டும் உட்காருவது மற்றவர்களுக்கு மரியாதைக் குறைவு என்பதால், பந்தல்காரரிடம் சொல்லி ஊருக்கே நாற்காலி போடப்பட்டது. கடைசி நேரத்தில் ஜெயசீலன் ஜீப்பில் வந்து கத்திக்கொண்டே துரத்தியதால்தான் ஊரில் ஜனம் மிஞ்சியது. நாற்காலிகள் மிஞ்சவில்லை.

ராக்கெட் போனது. கொஞ்ச நேரத்தில் நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்கி, காக்கை தின்றது போக மீதி வட்டத்தில் நேராக நின்றது. கைதட்டல் அடங்கியதும், முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த கோயில்பிச்சை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணாச்சி, போகும்போது ரெண்டு பேரு. இப்ப இவன் மட்டுந்தான் நிக்கான்."

"சாட்டிலைட் எங்க?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

தங்கப்பழத்துக்கு வியர்த்துவிட்டது. "துணைக்குப் போனவன் தனியா வந்திருக்கான். எங்கயோ தொலைச்சிட்டு வந்திருக்கான்வே!"

"மொதல்ல கட்டிப் போடுங்க" என்றார் கோயில்பிச்சை. "பத்திரமாப் பாத்துக்கிடச் சொல்லியிருக்காக."

தேர் வடத்தை எடுத்து வந்து ராக்கெட்டைப் பனைமரத்தோடு கட்டினார்கள். விசாரணை நடந்தது. ராக்கெட் ஒன்றும் பேசவில்லை, புகை மட்டும் விட்டது.

"திமிரைப் பாத்தீரா!" என்றார் லிங்கத்துரை.

சாட்டிலைட்டைக் காணவில்லை, ஆகவே ஊருக்கு சிக்னல் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பத்திரக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. வேலாண்டி!

"எடுக்காத தாயி!" என்று பதறினார் தங்கப்பழம். "சிக்னல் இல்லாத ஊருல போன் அடிக்குதுன்னா ஏதோ கோளாறு!"

அவள் எடுத்துவிட்டாள்.

"பத்திரம், நான் பேசுறது கேக்குதா?"

"பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது மச்சான்!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆனா ஊருல சிக்னல் இல்லையாம். எப்படிப் பேசுறது?"

வேலாண்டியும் ஓடக்கரைவிளைக்காரன்தான்.

"அப்படியா? சரி, அப்ப வச்சிருதேன். சிக்னல் வந்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லு."

"தொட்டி மேல ஏறியா மச்சான்?"

"வயித்துப் புள்ளையோட ஏறாதட்டீ! இப்ப பேசுத மாதிரி கீழ நின்னே சொல்லு, போதும்."