நிணநீர் ஆய்வகத்தின் ஒருவழிக் கதவுகள்

நம் ரத்தக் குழாய்களிலிருந்து கசிகிற நீரைச் சேர்த்து, கழுத்துப் பக்கமாகக் கொண்டுபோய் மறுபடி ரத்தத்திலேயே விடுகிற குழாய்கள் உடம்பில் உண்டு. நிணநீர்க் குழாய்கள் என்பார்கள். வழிநெடுக வால்வுகள். அவை சரியாக மூடாவிட்டால் நீர் கீழே திரும்பிக் கால் வீங்கிவிடும். இதை அப்படியே கணினியில் செய்துகாட்டுவதாக ஒரு பொறியியல் கல்லூரியில் மார்தட்டிக்கொண்டவர் பேராசிரியர் ஆவுடைநாயகம். நல்ல மனுஷர். மூளையை மட்டும் அதிகம் தொந்தரவு செய்யமாட்டார்.

கணினியில் அவர் ஓடவிட்ட நீரெல்லாம் வந்த வழியே திரும்பிப் போனது. கல்லூரி முதல்வர் மனோரஞ்சிதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். இன்று மாலைக்குள் ஒரு சொட்டுகூடத் திரும்பாமல் காட்டாவிட்டால், ஆய்வகத்தைக் கேன்டீன்காரருக்கு வெங்காய மூட்டை அடுக்கக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆய்வகத்தை விட்டால் ஆவுடைநாயகத்துக்குப் போக்கிடம் கிடையாது.

தன் மாணவர்கள் இருவரையும் கூப்பிட்டு ஆலோசித்தார்.

"கணினி மேல தப்பு இல்ல சார்," என்றாள் செண்பகவடிவு. "அது வால்வைக் கண்ணால பாத்ததே இல்ல. நாம ஒரு தடவை செஞ்சு காட்டணும்."

"காட்டினா கத்துக்குமா?" என்றான் அந்தோணிமுத்து.

"நாமளே அப்படித்தானே கத்துக்கிட்டோம்," என்றார் பேராசிரியர். யாருக்கும் மறுப்பில்லை.

ஆய்வகம் என்பது வரிசையாக நாலு அறை. நடுவில் தள்ளினால் திறந்து தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுகள். திரும்பி வருகிறவர்கள் இழுப்பதற்கான கைப்பிடிகளையெல்லாம் கழற்றினார்கள். கணினியின் கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மூவரும் நிணநீராக மாறி வரிசையாக நடந்தார்கள். கடைசி அறைக்குள் போனதும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஒருவரால்கூடத் திரும்ப முடியவில்லை. ஆவுடைநாயகம் கண் கலங்கிவிட்டார்.

அவர்கள் போட்ட கும்மாளம் கேட்டு முதல்வர் வந்தார். கதவு கதவாகத் தள்ளிக்கொண்டு அவரும் கடைசி அறைக்கே வந்து சேர்ந்தார். திட்டி முடித்துவிட்டுத் திரும்பினால் கைப்பிடி இல்லை. கதவை உடைக்கச் சொன்னார். உடைத்தால் நிணநீர் திரும்பிவிடும், ஆய்வகம் வெங்காயத்துக்குப் போய்விடும் என்று பேராசிரியர் கதவை மறித்து நின்றார்.

கம்பியில்லாத சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. அதைக் கழுத்துப் பக்கத்து ரத்தக் குழாயாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஒல்லியான அந்தோணிமுத்து முதலில் நழுவி வெளியே குதித்தான்.

"அங்கயே நில்லு," என்றார் பேராசிரியர். "நீதான் கடைசி வால்வு. உள்ள அழுத்தம் கூடினா திற. வெளிய கூடினா மூடு."

அடுத்து அவரே ஏறினார். பாதி உடம்பு வெளியே போனதோடு சரி. செண்பகவடிவு பின்னாலிருந்து தள்ளினாள். அசையவில்லை. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்ட முதல்வரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்.

"லேப் உங்களுக்கே சார்," என்று கெஞ்சினார். "வெங்காயத்தை என் ரூம்லகூட அடுக்கிக்கட்டும். நீங்க வெளிய போனாப் போதும்."

ஆவுடைநாயகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அந்தோணிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய தோள்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"எந்தப் பக்கம் அழுத்தம் கூடன்னு பாக்கறேன் சார். ரெண்டும் சமமா இருக்கு. சமமா இருந்தா திறக்கணுமா, மூடணுமான்னு நீங்க சொல்லலியே?"

பேராசிரியர் ஜன்னலில் தொங்கியபடியே யோசித்தார். பிறகு தலையை உள்பக்கம் திருப்பினார்.

"மேடம், கொஞ்ச நேரம் தள்ளாம இருங்க. பையன் கேக்கறது நியாயமான கேள்வி. நாம எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம்."