எட்டாவது பாய்

வெள்ளூற்று நாட்டை உத்தமவேள் ஆண்ட காலத்தில் தப்புக் காரியம் எதுவும் முறையில்லாமல் நடந்ததில்லை. ஏழு பேர் ஒப்பமிட்ட பிறகுதான் நடக்கும்.

வழிப்போக்கர்களுக்குச் சோறு போட அரசரின் தாயார் ஒரு சத்திரம் கட்டி வைத்திருந்தார். அதைக் கண்காணிக்க ஏழு அறங்காவலர்கள். எல்லோரும் பெரிய மனிதர்கள், சம்பளம் வாங்காதவர்கள். அன்றாட நிர்வாகம் மணியக்காரர் சடையாண்டியிடம். சமையல் பொன்னுருவியிடம்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் பார்த்தால், களஞ்சியத்தில் முப்பது மூட்டை அரிசியைக் காணவில்லை. சமையல்காரி திருடிவிட்டாள் என்று சடையாண்டி அவளை அரசவைக்கு இழுத்து வந்தார்.

"நான் திருடலீங்க ராசா. கூரை ஒழுகி அத்தனையும் புழுத்துப்போச்சு. மணியக்காரருதான் ஆத்துல கொட்டச் சொன்னாரு."

சடையாண்டி சிரித்தார். "கூரை ஒழுகுவதா! மூன்று வருஷமாக ஆவணிக்கு ஆவணி ஓடு மாற்றுகிறேன். ஒவ்வொரு தடவையும் நூறு பொன் செலவு. இதோ கணக்குப் புத்தகம். 'மேற்பார்வை செய்தோம்' என்று ஏழு ஐயாமார்களும் ஒப்பமிட்டிருக்கிறார்கள்."

அரசர் திரும்பிப் பார்த்தார். ஏழு தலைகளும் ஆடின.

"பிறகென்ன? ஏழு பேர் பார்த்த கூரை ஒழுகாது. பொழுது சாய்வதற்குள் இவள் வீட்டை ஏலம் போட்டு அரிசிக்கு ஈடுகட்டுங்கள். இவளை ஊரைவிட்டு அனுப்புங்கள்."

பொன்னுருவி அழவில்லை. "மாசாமாசம் கூட்டம் நடக்குறப்ப ஏழு பேருக்கும் என் கையாலதான் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவையில் மருதக்கூத்தர் என்று ஒருவர் இருந்தார். வாயால் பிழைப்பவர். அரசர் கோபமாக இருக்கும்போதுகூடப் பேசுகிற ஒரே ஆள். அவர் எழுந்தார்.

"அரசே, தெரியாமல்தான் கேட்கிறேன். மேற்பார்வை என்றால் என்ன செய்வார்கள்?"

தலைமை அறங்காவலர் தாண்டவராயர் தொண்டையைச் செருமினார். "மணியக்காரர் புத்தகத்தைக் கொண்டுவருவார். நாங்கள் மேலட்டையைப் பார்ப்போம்."

"உள்ளே?"

"உள்ளே பார்த்தால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகாதா? நல்ல மனுஷன். முதல் ஒப்பம் என்னுடையது. எனக்குப் பின்னால் ஆறு பேர் பார்க்கப்போகிறார்களே என்று போட்டுவிடுவேன்."

கடைசியில் நின்றவர் முந்திக்கொண்டார். "நான் ஏழாவது. எனக்கு முன்னால் ஆறு பேர் பார்த்தாயிற்றே!"

"நடுவில் இருப்பவர்கள்?"

"ஏதாவது கேட்டால், இவனுக்குக் கணக்கே தெரியாது போல என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துவிடுவார்" என்றார் நடுவில் நின்ற ஒருவர்.

அந்த வரிசையில் நான் நின்றிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. கதைக்கு வருவோம்.

"போதும் கூத்தரே" என்றார் அரசர். "சும்மா வந்து தர்மம் செய்கிறவர்கள். அவர்களைச் சந்தேகித்து ஒரு வார்த்தை சொன்னாலும் உம் பதவி போய்விடும்."

"சந்தேகமா? அவர்கள் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன் அரசே. அதையே இன்னொரு தடவை செய்து காட்டட்டும். இப்போதே, சத்திரத்துக் களஞ்சியத்தில்."

அரசர் யோசித்தார். இதில் அவமானம் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் கிளம்பினார்கள். உச்சிவெயில். சடையாண்டிக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக வியர்த்தது.

களஞ்சியத்துக்குள் கூத்தர் வரிசையாகப் பாய் விரித்தார். எட்டுப் பாய்.

"ஆள் ஏழுதானே? எட்டு எதற்கு?" என்றார் அரசர்.

"கடைசியில் சொல்கிறேன். ஐயாமார்களே, படுத்துக்கொள்ளுங்கள். நின்றபடி பார்த்தால் கழுத்து வலிக்கும்."

தாண்டவராயர் முகம் சிவந்தது. "மேற்பார்வை என்றால் மேலே பார்ப்பதா?"

"வேறு எங்கே பார்ப்பது? உள்ளே பார்ப்பதில்லை என்று நீங்களே சொன்னீர்களே!"

அரசர் தலையசைத்தார். ஏழு பட்டு அங்கவஸ்திரங்களும் பாயில் சாய்ந்தன. கூத்தர் கதவைச் சாத்தினார். களஞ்சியம் இருண்டது.

"அட! பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிகிறதே!" என்றது ஒரு குரல்.

"நட்சத்திரம் இல்லை ஐயா. அது முதல் ஆவணியில் மாற்றிய ஓடு. நூறு பொன்."

"இந்தப் பக்கம் ஒரு முழத்துக்கு வானமே தெரிகிறது!"

"அது இரண்டாவது ஆவணி."

"ஐயோ, என் தலைக்கு நேரே ஒரு காக்கை எட்டிப் பார்க்கிறது!"

"அதுவும் மேற்பார்வைதான் ஐயா. என்ன, அது ஒப்பம் போடாது."

கதவருகே சலசலப்பு. நழுவப் பார்த்த சடையாண்டியைக் காவலர்கள் பிடித்திருந்தார்கள். அரசர் அவரைக் கேள்வியே கேட்கவில்லை. கூரையைக் காட்டினார். அவ்வளவுதான். முந்நூறு பொன்னும் எங்கே போனது என்று அவரே ஒப்பித்துவிட்டார்.

"ஏலம் நடக்கட்டும். வீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் அரசர். "சடையாண்டியின் வீடு. அந்தப் பணத்தில் ஓடும் அரிசியும் வாங்குங்கள். பொன்னுருவி, நீ அடுப்படிக்குப் போம்மா."

பொன்னுருவி கும்பிட்டாள். "போறேன் ராசா. இனிமே கூட்டம் முடிஞ்சப்புறம்தான் பணியாரம்."

தாண்டவராயர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். முதல் தடவையாக இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். மற்ற ஆறு பேரும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"சரி கூத்தரே" என்றார் அரசர். "எட்டாவது பாய் யாருக்கு?"

கூத்தர் தாண்டவராயரிடமிருந்து புத்தகத்தை வாங்கி அரசர் பக்கம் திருப்பி நீட்டினார். ஏழு ஒப்பங்கள். அவற்றுக்கு மேலே, சிவப்பாக, பெரியதாக, அரச முத்திரை.

அரசர் முத்திரையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றிக் கூத்தர் கையில் கொடுத்துவிட்டு மல்லாந்து படுத்தார்.

கூரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்க ஒரு சிரிப்பு.

"உமக்கு நூறு பொன் பரிசு கூத்தரே! ஆனால் இதென்ன அநியாயம்? இருப்பதிலேயே பெரிய ஓட்டை எனக்கு நேரே இருக்கிறதே!"

"மேலிடம் அல்லவா, அரசே!" என்றார் கூத்தர்.