பாதி மழித்த தலை

மழைக்குக் குறைவில்லை. வயலும் விளைந்தது. ஆனாலும் நாட்டு ஜனங்கள் வயிறு ஒட்டிக் கிடந்தார்கள். தலைநகரத்தில் ஏதோ ஒரு பேங்க் கதவைச் சாத்தியதாம். அதைக் கேட்டுப் பயந்து மில்காரர்கள் மில்லைப் பூட்டினார்கள். மில்லுக்குப் போனவர்கள் இருந்த காசை முடிந்து வைத்துக்கொண்டார்கள். கனகசபையின் செருப்புக் கடைப் பக்கம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக் கூரை வேறு பொத்தல். சளி கட்டி இழுக்கிற மகளை எந்த மூலையில் படுக்கப் போட்டாலும் அங்கேதான் சொட்டியது.

"கூரைக்காரரைக் கூப்பிடுறீங்களா, இல்ல பிள்ளையத் தூக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போகட்டுமா?" என்று மனைவி கேட்டுவிட்டாள்.

கனகசபை மடத்துக்கு ஓடினார். மடத்துத் தலைவரான குருசாமி அவரைவிட வயதில் சின்னவர்.

"சாமி, மடியில இருக்கிறதை அவிழ்க்கப் பயமா இருக்கு. கூரைக்கார நாடிமுத்து முள்ளு குத்துன காலோட நொண்டுறான். செருப்பு வாங்கேண்டான்னா, 'முதல்ல வேலை குடுங்க'ங்கிறான். நான், 'முதல்ல நீ வாங்கு'ங்கிறேன். தோலு இருக்கு, ஓலை இருக்கு, கை இருக்கு. அப்புறம் என்ன சாமி கேடு?"

"இன்னைக்குப் பௌர்ணமி. படித்துறைக்கு வாங்க" என்றார் சாமி.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மடத்துச் சாமியார்கள் ஒருவருக்கு ஒருவர் தலை மழித்துவிடுவது வழக்கம். எல்லாரும் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையல் சாமியார், மணியடிக்கும் சாமியாருக்குப் பாதித் தலை மழித்திருந்தார். சாமி குனிந்து சமையல் சாமியாரின் காதில் சொன்னார்:

"தனக்கு மழிச்சதும் சில பேரு எழுந்து போயிடுவாங்களாமே."

சமையல் சாமியாரின் கத்தி நின்றது.

"முதல்ல எனக்கு மழி. அப்புறம்தான் உன் மீதி."

"ஏன்யா, பாதியோடயா நான் உட்காந்திருக்கிறது?"

பேச்சு படிக்குப் படி இறங்கியது. "எனக்கு முதல்ல!" "உனக்கு மழிச்சா நீ போயிடுவே!" ஒரு கத்தியும் அசையவில்லை. நனைத்த தலைகள் காய்ந்தன. மறுபடி நனைத்தார்கள். மறுபடியும் காய்ந்தன.

கனகசபைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாரு சாமி எழுந்து போறதாச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்."

"அட! ஐயா, பாவம், அந்த மீதியை மழிச்சு விடுங்களேன்" என்றார் கனகசபை.

"என் தலையை நீங்க மழிக்கிறீங்களா?" என்று கத்தியை நீட்டினார் சமையல் சாமியார்.

கனகசபை ஒரு படி பின்னால் ஏறிக்கொண்டார். "எனக்கு இது பழக்கமில்லையே."

"வேற என்ன பழக்கம்?" என்று கேட்டார் சாமி.

"செருப்புத் தைக்கிறதுதான்."

"நாடிமுத்து கால் அளவு தெரியுமா?"

கனகசபை சிரிப்பை நிறுத்தினார். வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு முகம் தெளிந்தது.

"புரிஞ்சது சாமி! நானே முதல்ல குடுத்துடுறேன். இன்னைக்கு ஒரு காலுக்கு மட்டும். கூரை வேய்ஞ்சு முடிச்சதும் மத்த காலுக்கு."

சாமி அவரையே பார்த்தார். பிறகு மணியடிக்கும் சாமியாரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அப்பா, பாதித் தலை! இவரை நாடிமுத்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா."