முள் பூஜ்யத்தில் நின்ற நாள்

மண் ஆய்வாளர் நீலாயதாட்சியிடம் தொழில் கற்க வந்தபோது சூசைராஜுக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தாறு. இருபது வருடம் லாரி எடைமேடையில் நின்றவர் சூசைராஜ். அவருக்கு முள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாரம் ஊர்க் கிணற்றில் ஒரே ஒரு வயலுக்குத்தான் தண்ணீர் மிச்சம். ராக்காயி வயலுக்கா, மாடசாமி வயலுக்கா? கருவியைப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

கருவி என்றால் நீர் நிரப்பிய குழாய். மண்ணுக்குள் சுட்டமண் முனை, மேலே முள். காயக் காய மண் அந்த முனை வழியே குழாயிலுள்ள நீரை இழுக்கும், முள் ஏறும். நனைந்தால் இறங்கும்.

விடிந்ததும் சூசைராஜ் பார்த்தார். மாடசாமி வயலில் நாற்பது. ராக்காயி வயலில் பூஜ்யம்.

"மாடசாமிக்கு விடுங்க."

"ஏன்யா, வெண்டைச் செடி தலையைத் தொங்கப் போட்டுக் கிடக்கு. கண்ணு தெரியலையா?" என்றாள் ராக்காயி.

"வெயிலுக்குத் தொங்கும், தாயி. மண்ணு நல்லா நனைஞ்சிருக்கு. பூஜ்யம்."

"விடியக்காலையில ஏதுய்யா வெயிலு? இந்த வெண்டையும் போனா எனக்கு வேற வெள்ளாமை கிடையாது."

நீலாயதாட்சி வரப்பில் வந்து நின்றாள்.

"நேத்து இந்த வயல்ல எவ்வளவுண்ணா?"

"எழுபத்தெட்டும்மா."

"ராத்திரி மழையா?"

"இல்ல."

"யாராச்சும் தண்ணி பாய்ச்சினாங்களா?"

சூசைராஜ் குனிந்து முள்ளை மறுபடி பார்த்தார்.

அவள் குழாயின் மூடியைத் திருகினாள். உள்ளே பாதிக்கு மேல் காற்று. முனையருகே கைவிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது விரலிடுக்கில் மாவாக வழிந்தது.

"மடையை அக்கா பக்கம் திருப்புங்க."

"அப்ப எனக்கு?" என்றார் மாடசாமி.

"நாற்பதுதான். உங்க மண்ணு இன்னும் மூணு நாள் தாங்கும்."

தண்ணீர் வெண்டைக்குள் நுழைந்தது. ராக்காயி அதன் கூடவே நடந்தாள்.

சூசைராஜ் நோட்டைப் பிரித்தார்.

"கருவி பழுதுன்னு எழுதட்டுமாம்மா?"

"பழுதில்லண்ணா. மண்ணு இழுத்த இழுப்புக்குத் தாங்குற வரைக்கும் தாங்குச்சு. அதுக்கு மேல முடியல, உள்ள இருந்த தண்ணி அறுந்து காத்து புகுந்துடுச்சு, முள்ளு கீழ விழுந்துடுச்சு."

"நனைஞ்சாலும் பூஜ்யம், செத்தாலும் பூஜ்யம். நான் எதை நம்புறது?"

அவள் குழாயில் நீர் ஊற்றினாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி உடைந்தன.

"அப்ப இன்னைக்குக் கட்டத்துல என்னதான் எழுத?"

"காலையில ராக்காயியக்கா என்ன கேட்டாங்க?"

சூசைராஜ் தலைகுனிந்தார். "கண்ணு தெரியலையான்னு கேட்டாங்க."

"அதை எழுதுங்கண்ணா."