அப்பா அம்மாவைக் கூட்டி வா

காட்டுக் குளத்தின் கரையில் நாரை டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். மணி அடிப்பது மரங்கொத்தியின் வேலை. பட்ட மரத்தில் 'டொக் டொக்' என்று அது கொத்தினால், குட்டிகள் எல்லாம் ஓடிவந்து வரிசையில் உட்கார வேண்டும்.

செம்மி என்ற நரிக்குட்டி மட்டும் அந்தச் சத்தம் கேட்டதும் எதிர்ப்பக்கம் ஓடும். புதருக்குள் புகுந்து சுருண்டுகொள்ளும்.

"பாருங்க நரிப் புத்தியை! பள்ளிக்கூடம்னாலே டிமிக்கி!" என்று நாரை டீச்சர் அதை வெயிலில் நிற்க வைப்பார்.

பஞ்சு என்ற முயல்குட்டியும் ஓடும்தான். இடி இடித்தால் போதும், கதறிக்கொண்டு ஓடும். "பாவம், வெள்ளத்திலே வளையைப் பறிகொடுத்த பிள்ளை!" என்று டீச்சர் அதை இறக்கைக்குள் சேர்த்துக்கொள்வார். அவர் கெட்டவர் இல்லை. மனசு நிறைய இரக்கம் இருந்தது. அது முயல் வரைக்கும் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

ஒருநாள் செம்மி ஓடிய ஓட்டத்தில், மணலில் எழுதியிருந்த பாடமெல்லாம் அழிந்துபோனது. டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏன்டி ஓடினே?"

"அந்தச் சத்தம் டீச்சர்... அன்னிக்கும் இப்படித்தான்..."

"கதை கட்டாதே! உங்க இனத்துக்கே இது கைவந்த கலை! போய் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா! அவங்க வராம இங்கே காலடி வைக்காதே!"

செம்மி ஏதோ சொல்ல வாய் திறந்தது. பிறகு, "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போனது.

மறுநாள் அது வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பெற்றோரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டீச்சரே நரி வளைக்குப் பறந்து போனார். அங்கே வளையைக் காணோம். மரங்களையும் காணோம். வெறும் அடிக்கட்டைகள்தான் நின்றன. பக்கத்துப் பாறையில் ஓர் உடும்பு படுத்திருந்தது.

"செம்மியோட அப்பா அம்மா எங்கே?"

"போன கோடையிலே மரம் வெட்ட வந்தவங்க அடிச்சுக் கொன்னு வண்டியிலே போட்டுட்டுப் போயிட்டாங்களே! அன்னிக்கு முழுக்கக் கோடாலிச் சத்தம்தான். குட்டி மட்டும் புதருக்குள்ளே சுருண்டு கிடந்து தப்பிச்சுது. உங்களுக்குத் தெரியாதா?"

"இப்போ... குட்டி எங்கே?"

"நீங்கதானே அவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்களாம்! அவங்க வந்தாத்தான் பள்ளிக்கூடமாம்! செத்தவங்களை நீ எங்கே தேடுவேன்னு கேட்டேன். காதிலேயே வாங்கலை. அந்த வண்டி போன பாதையிலேயே ஊர்ப்பக்கம் போயிடுச்சு."

"செம்மி! செம்மி!" என்று கூவிக்கொண்டே டீச்சர் அந்தப் பாதை நெடுகப் பறந்தார். சின்னச் சின்னக் காலடித் தடங்கள் தார்ரோடு வரைக்கும் போயிருந்தன. அதற்கு அப்பால் ஒரு தடமும் இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அவர் விம்மி விம்மி அழுதார். அழுது என்ன செய்ய? செம்மி திரும்பி வரவே இல்லை.

'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்காமல், எந்த இனம் என்று பார்த்தே ஒரு பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் அந்தப் பிள்ளையைத் தொலைத்துவிடுவார்.